இக்னேசியஸ் அண்ணை வெல்ல வைத்த தேர்தல்

அமெரிக்காவில் முப்பது கோடிக்கு மேல் சனம் இருக்கிறதாம். அத்தனை பேரும் சேர்ந்து அந்த நாட்டைப் பற்றிப் பட்ட கவலையை ஒரு தட்டில் வைத்து, எங்கள் இக்னேசியஸ் அண்ணை பட்ட கவலையை மற்றத் தட்டில் வைத்தால், அண்ணையின் தட்டு நிலத்தைக் கிழித்துக்கொண்டு போகும். ஆள் இருக்கிறது கனடாவில், ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில், பதினோராம் மாடியில். பிறந்தது இலங்கையில், மன்னாரில். அமெரிக்காவுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஒருமுறை நயாகராவுக்குப் போய், இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "அங்கை தண்ணி கொஞ்சம் ஒழுங்கா விழுகுது" என்று சொல்லிவிட்டு வந்தவர்.

அங்கே அவருக்கு ஒரு வாக்கும் இல்லை. ஆனால் இரண்டாயிரத்து இருபத்து நாலாம் ஆண்டுத் தேர்தலுக்கு அவர் உழைத்த மாதிரி அதில் போட்டியிட்டவர்கள்கூட உழைத்திருக்க மாட்டார்கள்.

என்ரை பெயர் அல்பேட்; இதெல்லாம் எனக்குத் தெரிவது என்ரை காரினால். நாங்கள் மூன்று பேர் ஒரு காரில்தான் பிறம்ரனுக்கு வேலைக்குப் போவோம். முன் சீற்றில் அண்ணை, பின் சீற்றில் வாகீசன். வாகீசன் இங்கே பிறந்த பெடியன், யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம், தமிழைப் பாதியில் விட்டுவிட்டு இங்கிலீசுக்குப் போய் அங்கிருந்து திரும்பி வருவான். 401 நெடுஞ்சாலையில் காலையில் வாகனங்கள் ஊருகிற ஊரலுக்கு, சவரம் செய்துவிட்டு ஏறினவன் தாடியோடுதான் இறங்குவான். வெயர்ஹவுசில் அண்ணைக்குப் போர்க்லிப்ட் வேலை. ஒரு முட்டையைத் தூக்கி இன்னொரு முட்டைக்கு மேல் உடையாமல் வைக்கச் சொன்னாலும் வைப்பார். அவ்வளவு கை.

காரில் நாலாவதாக ஒரு ஆளும் வரும். அது மக்டலீன் அக்கா. அண்ணையின் தமக்கை, மன்னாரில், மடு மாதா கோயிலுக்குப் போகிற ரோட்டுப் பக்கத்தில் இருக்கிறா. தாய் செத்த பிறகு அண்ணையை வளர்த்தது அவதான். எங்களுக்குக் காலை என்றால் அங்கே பின்னேரம். அதனால் அண்ணை தினமும் காரில் இருந்தே போன் எடுத்து ஸ்பீக்கரில் போடுவார். ஆட்டுக்குக் குழை வெட்டினது, பக்கத்து வீட்டுச் சண்டை, மீன் விலை, எல்லாம் எங்களுக்கும் சேர்த்து ஒலிபரப்பாகும். வாகீசன் தன்ரை தாயோடு கதைக்கிறதை விட அவவோடுதான் கூடக் கதைத்தான்.

"அன்ரி, ஹவ் ஆர் யூ?"

"இருக்கிறன் ராசா. நீ இன்னும் கலியாணம் கட்டேல்லையோ?"

"பாக்கிறன் அன்ரி."

"பாத்துப் பாத்துக் கண் பூந்து போகப் போகுது."

அக்காவின் கதையில் ஒரு பெயர் அடிக்கடி வரும். ஜெனாட். அவவின் ஒரே மகன். எட்டு வயதில், சண்டை அந்தப் பக்கம் வந்தபோது, ஷெல் பட்டுச் செத்துப்போனான். சேமக்காலைக்குக் கொண்டு போய் அடக்கம் பண்ண வழியில்லை. வீட்டு வளவுக்குள்ளேயே, கிணற்றடிக்குப் பின்னால், தேசிமரத்துக்குக் கீழே வைத்து மூடிவிட்டு ஓடினார்கள். சண்டை முடிந்து திரும்பி வந்தால் வளவு முழுக்க மிதிவெடி. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை கட்டிக் கம்பி அடித்திருந்தது. அக்காவுக்கு ரோட்டுக்கு மற்றப் பக்கத்தில் வீடு கொடுத்தார்கள். வாசலில் நின்று பார்த்தால் தேசிமரம் தெரியும். போக முடியாது.

நவம்பர் மாதம் ஆத்துமாக்களின் திருநாளுக்கு ஊர் முழுக்கச் சேமக்காலைக்குப் போகும். சிலுவைக்கு வெள்ளை அடித்து, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, பங்குச் சாமி வந்து ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளிப்பார். அக்கா புருசனின் கல்லறைக்கு ஒன்றைக் கொளுத்திவிட்டு, மற்றதைக் கொண்டு வந்து கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கொளுத்துவா. காற்று வந்து நூர்த்தால் திரும்பக் கொளுத்துவா.

அவவின் ஆசை ஒன்றே ஒன்றுதான். தன்ரை காலால் நடந்து அந்தத் தேசிமரத்து மூலைக்குப் போகவேணும். பிள்ளையின் எலும்புகளை எடுத்துத் தகப்பனுக்குப் பக்கத்தில் வைக்கவேணும். ஆனால் கால் அவவுக்காகக் காத்திருக்கவில்லை. சலரோகம், சீனி வருத்தம். வலது பாதத்தில் ஒரு புண் வந்து ஆறவே இல்லை. கவனமாக இல்லாவிட்டால் காலை எடுக்க வேண்டி வரும் என்று டொக்ரர் முதலே சொல்லி வைத்திருந்தார்.

நல்ல காலத்துக்கு மிதிவெடி எடுக்கிற ஆட்கள் அவவின் வளவுக்கு வந்தார்கள். அதில் ஒருத்தி பக்கத்து வீட்டுச் செரீனா. முகத்துக்குக் கண்ணாடி மறைப்பும், நெஞ்சுக்குப் பாரமான கவசமும் போட்டு, வெயிலுக்குள் முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டுகிற பிள்ளை. ஒரு நாளைக்குப் பாய் விரிக்கிற அளவு நிலம் முன்னேறுவாளாம். நாங்கள் 401-இல் போகிற வேகத்தை விட அது கூட.

"பங்குனிக்குள்ளை தேசிமரத்தடிக்கு வந்திடுவம் அன்ரி" என்று அவள் சொல்லியிருந்தாள். அக்கா அதை எங்களுக்கு ஒரு நூறு தரமாவது சொல்லியிருப்பா.

இனி அண்ணையின் அமெரிக்காவுக்கு வருவோம்.

யூரியூப்பில் ஒரு தாடிக்காரர் தமிழில் உலக அரசியல் சொல்லுவார். அண்ணைக்கு அவர் சொன்னால் வேதம். அமெரிக்காவில் பழமை பேணுகிற கட்சியின் பக்கம் நிற்கிற ஆட்கள், தாங்கள் வென்று வந்தால் மத்திய அரசாங்கத்தை எப்படி அடியோடு மாற்றுவது என்று முதலே ஒரு பெரிய திட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தாடிக்காரர் சொன்னார். அன்றையிலிருந்து அண்ணைக்கு நித்திரை இல்லை, சந்தோசத்தில்.

"பைபிள் மொத்தத்திலை எழுதி வைச்சிருக்கிறாங்கள் அல்பேட். எந்த ஒப்பீசை மூடுறது, ஆரை வீட்டை அனுப்புறது, எல்லாம் கிடக்கு. வந்து இறங்கின உடனை வேலை."

"நீங்கள் வாசிச்சனீங்களோ அங்கிள்?" வாகீசன் பின்னால் இருந்து கேட்டான்.

"நான் ஏனடா வாசிக்கிறன்? வாசிச்ச ஆக்கள் சொல்லீனம்."

"லைக், நீங்கள் கனடா. உங்களுக்கு என்ன பெனிபிற்?"

"அங்கை தொடங்கினா இஞ்சையும் வரும். உந்த ஒப்பீசுகளுக்குள்ளை இருக்கிறவங்களை ஒருக்காக் கூட்டித் துடைக்கோணும்."

அண்ணைக்கு ஒப்பீஸ் என்றாலே ஆகாது. அதற்குக் காரணம் இருந்தது. அக்காவை ஒருமுறை இங்கே கூப்பிட்டுக் காட்ட வேணும் என்று எத்தனையோ தரம் விசாவுக்குப் போட்டார். ஒவ்வொரு தரமும் "திரும்பிப் போகமாட்டா" என்று மறுத்துவிட்டார்கள். "மகன் அந்த மண்ணுக்குள்ளை கிடக்கிறான், அவ ஏனடா திரும்பிப் போகமாட்டா?" என்று அண்ணை காருக்குள் கத்தினது ஒன்ராறியோ ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை வைத்து நான் அவரை ஒருநாளும் பகிடி பண்ணினதில்லை. வயிற்றில் இருக்கிற பிள்ளையைக் காப்பாற்றுவோம் என்று சொல்லுகிற ஆட்கள் அவர்கள்தான் என்று அவர் நம்பினார். ஜெனாட்டை அவர் நேரில் கண்டதில்லை. அவன் பிறக்க முதலே கனடாவுக்கு வந்துவிட்டார். போனில் குரல் மட்டும்தான். பிள்ளைகள் சாகக்கூடாது என்று யார் சொன்னாலும் அண்ணை அவர்கள் பின்னால் போய்விடுவார்.

ஒக்ரோபர் மாதம் ஒரு காலை, போனில் அக்காவிடம் கேட்டார்.

"அக்கா, ஒருக்கா மடுவுக்குப் போட்டு வாங்கோவன்."

"ஏன்ரா, உனக்கு ஏதும் வருத்தமோ?"

"இல்லையக்கா. ஒரு எலக்சன். எங்கடை ஆக்கள் வெல்லோணும்."

"கனடாவிலையோ?"

"அமெரிக்காவிலை."

"அமெரிக்கா எலக்சனுக்கு நான் மன்னாரிலை நொண்டி நொண்டிப் போகோணுமோ? அங்கை நொண்டுறதுக்கு ஆக்கள் இல்லையோ?"

நானும் வாகீசனும் சிரித்த சிரிப்பில் கார் பக்கத்துப் பாதைக்குப் போய் வந்தது.

"பகிடி விடாதேங்கோ அக்கா. நீங்கள் கேட்டா மாதா தருவா. நான் கேட்டா அவ்வளவு எடுபடாது."

"ஆரடா உந்த உங்கடை ஆக்கள்?"

"பிள்ளையளைக் காப்பாத்துற ஆக்கள்."

போனில் ஆடு கத்தினது மட்டும் கேட்டது.

"அப்ப போறன்" என்றா அக்கா.

போனா. புண் காலோடு பஸ் ஏறி, மடு மாதாவுக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தா. அண்ணை தன்ரை பங்குக்கு அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தார், வென்றால் கோயிலில் எல்லாருக்கும் பாண் கொடுக்கிறது என்று.

நவம்பரில் வென்றார்கள்.

அடுத்த ஞாயிறு ஸ்காபரோவில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தால், அண்ணையும் மனுசி அருள்நாயகியும் பெட்டி பெட்டியாகப் பணிஸ் என்கிற குட்டிப் பாண் அடுக்கி வைத்துக்கொண்டு நிற்கினம். அந்தப் பணிஸ்களை வரிசையாக வைத்திருந்தால் வாசலில் இருந்து வோஷிங்ரன் வரைக்கும் நடந்து போயிருக்கலாம். சாமி அமிர்தநாதர் அவற்றை மந்திரித்து ஆசீர்வதித்தார். எதற்கு நேர்த்தி என்று கேட்டவர்களுக்கு அண்ணை, "ஒரு நல்ல காரியம்" என்று மட்டும் சொன்னார். எனக்குக் காதுக்குள் சொன்னார்:

"கோடிக் கணக்கான சனம் வோட் போட்டது சும்மா அல்பேட். வெல்ல வைச்சது என்ரை அக்கா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பாதி உண்மையாகவே நம்பினார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

ஜனவரியில் புது ஆட்கள் பதவிக்கு வந்தார்கள். வெளியே பனி, காருக்குள் அண்ணைக்குக் கோடைகாலம். ஒவ்வொரு காலையும் தாடிக்காரர் ஒரு செய்தி சொல்லுவார், அண்ணை டாஷ்போட்டில் ஒரு தட்டுத் தட்டுவார்.

"இண்டைக்கு இன்னொரு ஒப்பீசுக்குப் பூட்டு."

"அங்கிள், அந்த ஒப்பீசிலை வேலை செய்யிறவைக்கும் மோர்ட்கேஜ் இருக்கும்தானே" என்றான் வாகீசன்.

"எனக்கும் இருக்கு. நான் போர்க்லிப்டிலை நித்திரை கொள்ளுறனோ?"

"நீங்கள் காரிலை கொள்ளுறீங்கள்."

"வாயை மூடடா. வெளிநாடுகளுக்கு அள்ளிக் குடுக்கிற உதவிக் காசையும் நிப்பாட்டிப்போட்டாங்களாம். செய்யட்டும். தங்கடை சனத்தை முதல் பாக்கட்டும். அது நியாயம்தானே அல்பேட்?"

நியாயம் மாதிரித்தான் எனக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு வந்த ஒரு காலைதான் அது. அக்கா போனை எடுத்தவுடனேயே சொன்னா:

"தம்பி, செரீனா ஆக்களை வீட்டை போகச் சொல்லிப்போட்டினமடா."

"ஏனாம்?"

"ஒண்டும் தெரியேல்லை. அடையாளத்துக்கு நட்ட சிவப்புத் தடியெல்லாம் அப்பிடியே நிக்குது. தேசிமரத்துக்குக் கிட்ட வந்திட்டினம். இன்னும் ஒரு கொஞ்சம்."

அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. கொழும்பைத் திட்டத் தொடங்கினார். மந்திரிமாரில் தொடங்கி, திணைக்களங்களுக்குள் இறங்கி, வாசலில் நிற்கிற காவலாளி வரைக்கும் ஒருத்தரையும் விடவில்லை.

"ஏன்ரா என்ரை காதைச் செவிடாக்கிறாய்? செரீனா நிக்கிறாள், அவளோடை கதை. ஆடு வேலியைப் பிச்சுக்கொண்டு நிக்குது" என்று அக்கா போனைக் கொடுத்துவிட்டுப் போனா.

செரீனா வந்தாள். மெல்லிய குரல்.

"அங்கிள், இது கொழும்பு இல்லை."

"பின்னை ஆர்?"

"எங்களுக்கு வந்தது அமெரிக்காக் காசு. அங்கை புது ஆக்கள் வந்து வெளிநாட்டு உதவியை நிப்பாட்டிப்போட்டினம் எண்டு எங்கடை மனேச்சர் சொன்னவர். எல்லாரையும் சாமானை வைச்சிட்டுப் போகச் சொன்னவை."

நான் கண்ணாடியில் வாகீசனைப் பார்த்தேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அந்த வாயாடிப் பெடியன் அன்றைக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதற்காக அவனுக்கு நான் ஒரு கோயில் கட்டலாம்.

"அக்காட்டைச் சொன்னனியோ?" அண்ணை கேட்டார்.

"இல்லை அங்கிள். ஆர் நிப்பாட்டினதெண்டு அவவுக்கு என்னத்துக்கு? திரும்பத் தொடங்குமெண்டுதான் சொன்னனான்."

"சொல்லாதை பிள்ளை."

போனை வைத்தார். பிறம்ரன் வரும்வரைக்கும் தாடிக்காரரைப் போடவில்லை. அன்றைக்குப் போர்க்லிப்டால் ஒரு அடுக்குச் சாமானை இடித்து விழுத்தினார். அத்தனை வருசத்தில் முதல் தரம்.

பிறகு அவர் அமெரிக்காவுக்குப் போன் எடுக்கத் தொடங்கினார். உண்மையாகத்தான். பின்னேர இடைவேளையில், லொறிகள் நிற்கிற இடத்தில் குந்தியிருந்து, அங்கே இருக்கிற ஏதோ ஒரு ஒப்பீசுக்கு. ஒன்றை அமத்து, இரண்டை அமத்து, காத்திரு என்று மெசின் சொல்லும். பாட்டுப் போடும். சில நேரம் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே இடைவேளை முடிந்துவிடும்.

"அண்ணை, அங்கை எடுக்கிறதுக்கு ஆள் இருக்காது. நீங்கள்தானே எல்லாரையும் வீட்டை அனுப்பினது" என்றேன், பகிடியாக.

அவர் என்னைப் பார்த்தார். வாயால் வந்ததைத் திரும்ப விழுங்க முடிந்திருந்தால் நான் அதைக் கல்லோடு சேர்த்து விழுங்கியிருப்பேன்.

இங்கே தொகுதி எம்பியின் ஒப்பீசுக்கும் போனார். நல்ல மரியாதையாகக் கதைத்தார்களாம். இது வேறு நாட்டு விசயம், நாங்கள் செய்ய ஒன்றும் இல்லை என்றார்களாம். அதற்கு மேல் போக அவருக்குத் தெரிந்த இடம் கோயில்தான். நானும் கூடப் போனேன். பூசை முடிந்து சாமி அமிர்தநாதர் உடுப்பு மாற்றிக்கொண்டு நின்றார்.

"சாமி, நேத்தி வைச்சு, அது கிடைச்சு, நேத்தியையும் குடுத்து முடிச்ச பிறகு, வேண்டாமெண்டு திருப்பிக் குடுக்கலாமோ?"

"என்ன இக்னேசியஸ், குடுத்த பணிஸைத் திருப்பி வாங்கப் போறீரோ?" என்று சாமி சிரித்தார்.

அண்ணை சிரிக்கவில்லை. முழுவதையும் சொன்னார். சாமி கேட்டுவிட்டு அவருடைய தோளில் கை வைத்தார்.

"இஞ்சை பாரும். அமெரிக்காக்காரர் தங்கடை வோட்டைத் தாங்கள் போட்டவை. நீர் பாண் குடுக்காட்டிலும் அதுதான் நடந்திருக்கும். இதுக்கும் உமக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

"அப்ப அக்கா கொளுத்தின மெழுகுதிரி சும்மாவோ சாமி?"

சாமி என்ன சொல்லுவார், பாவம். சும்மா என்றால் மாதாவைக் கைவிட வேணும். சும்மா இல்லை என்றால் இக்னேசியஸைக் கைவிட வேணும்.

"செபம் ஒருநாளும் சும்மா போகாது" என்றார் கடைசியில்.

அண்ணை தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். அவர் எதிர்பார்த்தது அந்தப் பதிலைத்தான். பயந்ததும் அதற்குத்தான்.

பங்குனி வந்தது, போனது. சிவப்புத் தடிகளுக்கு நடுவில் புல் வளர்ந்துவிட்டது என்று அக்கா சொன்னா. புண் பாதத்தில் இருந்து மேலே ஏறத் தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால் உயிர் தப்பும், விட்டால் நஞ்சு உடம்பு முழுக்கப் போகும் என்று டொக்ரர் சொல்லிவிட்டார். அக்கா மாட்டேன் என்று விட்டா.

"செரீனா ஆக்கள் வரட்டும். நான் நடந்து போய் என்ரை பிள்ளையைத் தூக்கிக் குடுத்திட்டு வாறன். பிறகு இரண்டு காலையும் வெட்டட்டும், ஆர் வேண்டாமெண்டது?"

"அக்கா, அது எப்ப தொடங்குமெண்டு தெரியாது."

"மாதாவுக்குத் தெரியும். நான் இன்னொருக்கா மடுவுக்குப் போகட்டோ?"

"வேண்டாம்."

"ஏன்ரா வேண்டாம்? அவ அமெரிக்காவுக்கே அரசாங்கத்தைத் தூக்கிக் குடுத்தவ. என்ரை மூலைக்காணி அவவுக்குப் பெரிய வேலையோ?"

அண்ணை போனைத் தொடையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

ஆடி மாதம் செரீனா தனியாகப் போன் எடுத்தாள். அப்போதும் நாங்கள் காரில்தான்.

"அங்கிள், அன்ரிக்குக் காய்ச்சல் விடுறேல்லை. கால் மணக்குது. டொக்ரர் இந்தக் கிழமைக்குள்ளை காலை எடுக்கோணும் எண்டிட்டார். வேலை இனித் தொடங்காதெண்டு நான் சொன்னன், நம்புறா இல்லை. எங்கடை சாமியார் சொன்னார், நம்புறா இல்லை. தம்பி மாதாட்டைக் கேட்டுத் தருவான் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறா. நீங்கள் சொன்னாத்தான் விடுவா. இல்லாட்டிச் செத்துப் போவா, அங்கிள்."

வெயர்ஹவுஸ் வாசலில் காரை நிறுத்தினேன். வேலை தொடங்க நேரம் இருந்தது. நானும் வாகீசனும் இறங்கப் பார்த்தோம்.

"இருங்கோடா" என்றார் அண்ணை. "தனிய ஏலாது."

அக்காவின் குரல் அன்றைக்குச் சோர்ந்திருந்தது. ஆனாலும் முதலில் வாகீசனின் கலியாணத்தைத்தான் விசாரித்தா. பிறகு அண்ணை சொன்னார்.

"அக்கா, ஆசுப்பத்திரிக்குப் போங்கோ. செரீனா ஆக்கள் வரமாட்டினம்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நிப்பாட்டினது அமெரிக்கா. அந்த வேலைக்குக் காசு குடுத்தது அவங்கள். புது அரசாங்கம் வந்து நிப்பாட்டிப்போட்டுது."

"எந்த அரசாங்கம்?"

அண்ணை சீற் பெல்ற்றைக் கழற்றினார்.

"நான் உங்களை மடுவுக்கு அனுப்பினனான் அக்கா. அந்த எலக்சன். அவங்கள்தான்."

போனில் அக்கா நாற்காலியை இழுத்து இருக்கிற சத்தம் கேட்டது.

"நீ பிள்ளையளைக் காப்பாத்துற ஆக்கள் எண்டனி."

"ஓம் அக்கா. அப்பிடித்தான் நினைச்சனான்."

"நான் அண்டைக்கு இரண்டு நேத்தி வைச்சனான் தம்பி." அழுகை இல்லை. யாருக்கோ வழி சொல்லுகிற மாதிரிச் சொன்னா. "ஒரு மெழுகுதிரிதான் கையிலை இருந்தது. காலும் நோ. அதாலை மாதாட்டைச் சொன்னன், முதல் தம்பி கேட்டதைக் குடு தாயே, அவன் தூரத்திலை இருக்கிறான். என்ரை பிள்ளையின்ரையைப் பிறகு பாப்பம் எண்டு."

அண்ணை இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்தினார்.

"மாதா நான் சொன்ன சொல்லுக் கேட்டவதானே" என்றா அக்கா. "சரி. நாளைக்கு ஆசுப்பத்திரிக்குப் போறன். செரீனாவைக் கூட்டிக்கொண்டு போறன். நீ வேலைக்குப் போ."

போன் வைத்தாயிற்று. பின் சீற்றில் வாகீசன் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தான். நான் இதுவரைக்கும் செத்த வீட்டில்கூடப் பகிடி விட்டு ஏச்சு வாங்கினவன். அன்றைக்கு என்ரை வாய் கராஜில் விட்ட கார் மாதிரிக் கிடந்தது.

காலை எடுத்தார்கள். அக்கா தப்பிவிட்டா. சக்கர நாற்காலி ஒன்று கிடைத்தது. மிதிவெடி வேலை வேறு யாருடையோ உதவியில் திரும்பத் தொடங்கினதாம், ஆனால் வேறு ஊரில். அக்காவின் ஊருக்கு எப்போது வரும் என்று செரீனாவுக்கும் தெரியாது. அவள் இப்போது உடுப்புத் தைக்கிற இடத்தில் வேலை.

அண்ணை பழையபடி தினமும் காரில் இருந்து போன் எடுத்தார். அக்காவும் கதைத்தா. ஆடு, மழை, மீன் விலை, வாகீசனின் கலியாணம், எல்லாம் இருந்தது. ஒரு பெயர் மட்டும் இல்லை. ஜெனாட் என்ற பெயரை அவ அதற்குப் பிறகு தம்பிக்கு முன்னால் சொல்லவில்லை.

"ஏசினா நல்லம் அல்பேட்" என்று ஒருநாள் அண்ணை சொன்னார். "நாசமாப் போவாய் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாலும் நல்லம். மீன் விலை சொல்லுறா."

அந்த வருசம் ஆத்துமாக்களின் திருநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. வேலை இல்லை, கார் இல்லை. அதனால் அன்றைக்கு நடந்ததை நாங்கள் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை அவர்தான் சொன்னார்.

விடிய எழும்பிப் போன் எடுத்திருக்கிறார். அக்கா சேமக்காலைக்குப் போய் வந்து, கம்பிக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்திருக்கிறா. காற்றுச் சத்தம் கேட்டதாம். நெருப்புப்பெட்டி உரசுகிற சத்தம் கேட்டதாம். அண்ணைக்குப் பொறுக்க முடியவில்லை. அவராகவே அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, நானும் இண்டைக்குக் கோயிலுக்குப் போறன். ஜெனாட்டுக்காக ஒரு மெழுகுதிரி வைச்சு வேண்டிக்கொள்ளுறன்."

அக்கா கோபிக்கவில்லையாம். சின்ன வயதில் அடுப்புக்குக் கிட்டப் போகாதே என்று சொன்ன அதே குரலில்தான் சொன்னாவாம்.

"வேண்டாம் தம்பி. நீ அவனுக்காக ஒண்டும் கேக்காதை."

இதைச் சொல்லிவிட்டு அண்ணை ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தார். கார் அங்குலம் அங்குலமாக ஊர்ந்துகொண்டிருந்தது. வாகீசன் முன்னால் குனிந்து, அவருடைய தோளைத் தொட்டான்.

"அங்கிள், அன்ரி அப்பிடி சீரியஸா நினைச்சுச் சொல்லியிருக்க மாட்டா."

"இல்லையடா" என்றார் இக்னேசியஸ் அண்ணை. "அக்கா எண்டைக்கும் நினைச்சதைத்தான் சொல்லுவா."